பேராண்டி என்னும் சொல்

அரக்கோணத்துப் பாடகர் அறிவு 2024இல் தன் தனி ஆல்பத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதன் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. பாட்டெழுதிப் பாடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொள்வது ராப் உலகத்து வழக்கம். இவர் பட்டம் எதையும் எடுக்கவில்லை. ஓர் உறவுமுறையை எடுத்தார். ஊருக்குள் புது முகம் வந்தால் திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் ‘யார் வூட்டுப் புள்ளப்பா நீ?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் இந்தத் தலைப்பு.

இருப்பது இரண்டே சொல். இரண்டையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். வேலூர்ச் சீமையின் மலை, சோழர் கோயில், கடல் கடந்த தேயிலைத் தோட்டம் எல்லாம் அந்த மண்ணோடு சேர்ந்து வந்தன.

முதலில் பேராண்டி. இந்தச் சொல்லைக் கல்யாணப் பத்திரிகையில் பார்க்க முடியாது. குடும்ப அட்டையிலும் வாரிசுச் சான்றிதழிலும் ‘பேரன்’தான். பேராண்டி வாய்க்கு மட்டுமே உரிய சொல். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிறவனைப் பார்த்து, முந்தானையில் முடிந்து வைத்த காசை அவிழ்த்துக்கொண்டே பாட்டி சொல்வாள்: ‘வாடா பேராண்டி.’ அந்த ‘ஆண்டி’ என்ற வால் பிச்சாண்டியிலும் பூச்சாண்டியிலும் கேட்கிற அதே வால். பழனியாண்டியும் காதில் வந்து நிற்கிறான். வள்ளி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஆண்டி என்ற ஒலி வந்து உட்காரும்போது, முருகன் கதை தெரிந்த எந்தத் தமிழ்க் காதுக்கும் ஒரு சிரிப்பு தட்டும். சொல்லின் வரலாற்றை இதில் நான் தேடவில்லை. காது தானாகச் செய்துகொள்ளும் முடிச்சு இது. பாட்டு எழுதுகிறவனுக்கு அகராதியைவிட அந்த முடிச்சே முக்கியம்.

வரலாறு வாலில் இல்லை, தலையில் இருக்கிறது. பெயர் என்பது பேச்சில் பேர் ஆகும். பெயரன் பேரன் ஆனான். பெயர்த்தி பேர்த்தியாகி, பேத்தி ஆனாள். மகன், தம்பி, மாமன் போன்ற முறைச்சொற்கள் ஒருவன் நமக்கு எங்கே நிற்கிறான் என்று சொல்கின்றன. பேரன் என்ற சொல்லில் அந்த இடம் இல்லை. தலைமுறை இல்லை, வயதும் இல்லை. இருப்பது பெயர் ஒன்றுதான். ‘இன்னாருடைய பெயரைத் தாங்கியவன்’ என்பதே அதன் முழுப் பொருள்.

சங்கப் பாட்டில் இந்தப் பொருள் இன்னும் தேயாமல் கிடக்கிறது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார், 403ஆம் பாட்டில், தளர்நடையில் சிறுதேர் உருட்டும் குழந்தையையும் அதைப் பார்த்து மனம் பெருகும் தகப்பனையும் காட்டுகிறார். அங்கே அந்தக் குழந்தையைப் பெயரன் என்கிறார். அவன் அந்த ஆணின் மகன்தான். ஆனால் தன் தகப்பனின் தகப்பன் பெயரை ஏற்றவன். நற்றிணை 40ஆம் பாட்டிலும் அப்படியே. பரத்தையிடம் இருந்த தலைவன், மகன் பிறந்த இரவில் கள்வனைப் போல ஓசைப்படாமல் வீட்டுக்குள் வருகிறான். பிறந்தது பெயரன் என்பதே அவனை இழுத்து வந்த காரணம். செத்துப்போன அல்லது மூத்துப்போன ஒருவரின் பெயர் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. முறைச்சொல்லாக இறுகுவதற்கு முன்னால் பேரன் என்ற சொல் இப்படித்தான் இளகிக் கிடந்தது.

அரசர்களும் இதே முறையில்தான் நடந்தார்கள். மதுரை கொண்ட முதலாம் பராந்தகன் 907 முதல் 955 வரை ஆண்டான். அவனுடைய மகன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழனுக்கு இன்னொரு பெயர் இரண்டாம் பராந்தகன். வரலாற்றுப் புத்தகத்தில் மாணவர்களைக் குழப்பும் அந்த ‘முதலாம்’, ‘இரண்டாம்’ எல்லாம் பெரும்பாலும் பேரன்கள் செய்த வேலை.

இந்தச் சொல் இரண்டு பக்கமும் ஓடும் என்பதை யாழ்ப்பாணத்தில் காணலாம். அங்கே பேரன் என்றால் தாத்தா. பேத்தி என்றால் பாட்டி. இங்கிருந்து போகிறவர்கள் முதலில் திகைத்துப்போவார்கள். யோசித்தால் திகைக்க ஒன்றுமில்லை. ஒரே பெயர் இருவருக்கும் இருந்தால், இவன் அவனுக்குப் பெயரன், அவன் இவனுக்குப் பெயரன். கயிற்றின் எந்த முனையைப் பிடித்து இழுக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. மலையாளத்தில் பேரக்குட்டி என்கிறார்கள். அங்கேயும் பேர்தான் குழந்தைக்கு முன்னால் நடக்கிறது. வெகு தொலைவில் அயர்லாந்துக்காரர்களின் குடும்பப் பெயர்களில் வரும் ‘ஓ’ என்ற முன்னொட்டு, பேரனைக் குறித்த பழைய அயர்லாந்துச் சொல். ஓ’கானர் என்றால் கானரின் பேரன் வழி. 

மறுபடி நம் ஊருக்கு வருவோம். பேரன் என்ற சொல்லைச் சுற்றி ஒரு பழைய விலக்கு இருந்தது. அது தெரியாமல் அறிவின் பாட்டு புரியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பாட்டி தன் கணவனின் பெயரைச் சொல்லக் கூடாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவர்தான் எடுத்துச் சொல்வார். அப்படியானால் அதே பெயரைக் கொண்ட குழந்தையை அந்தப் பெண்கள் எப்படிக் கூப்பிடுவது? ‘ஐயா’ என்றார்கள். ‘அப்பு’ என்றார்கள். ‘ராசா’ என்றார்கள். ‘சாமி’ என்றார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு மரியாதைச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரியவரின் பெயர் அவன்மேல் படுத்திருக்கிறது என்பதே விடை. பாட்டியின் வாயில் ‘என் சாமி’ என்று வருவது கொஞ்சல் மட்டுமல்ல. சொல்லக் கூடாத ஒரு பெயருக்குப் பதிலாக வந்த பெயர்.

பேச்சில் ‘என் சாமி’ எஞ்சாமி ஆகும். சகரத்துக்கு முன்னால் னகரம் ஞகரமாகக் குழைவது தமிழ் நாவின் இயல்பு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ இந்தக் குழைவின் மேல்தான் நிற்கிறது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். ஆங்கிலத்து எஞ்சாயும் பாட்டியின் எஞ்சாமியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது முதல் இரண்டு அசை ஒன்றாகிவிடுகிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் பொருள் தெரியாமலே பாடினார்கள். பொருள் தெரிந்தவர்களுக்கு அதில் இன்னோர் அடுக்கு உண்டு. சாமி என்பது வடமொழியின் சுவாமி. உடையவன் என்று பொருள். நிலம் உடையவனை, நிலமில்லாதவன் கைகட்டி நின்று ‘சாமி’ என்று அழைத்த காலம் நம் தாத்தாக்களின் காலம். வயலில் அந்தச் சொல்லை மேல்நோக்கிச் சொன்ன அதே கிழவி, வீட்டுக்கு வந்து அதைக் கீழ்நோக்கி, பேரனைப் பார்த்துச் சொல்கிறாள். பகலெல்லாம் ஆண்டையிடம் கொடுத்த சொல்லை, பொழுது சாய்ந்ததும் தன் பிள்ளைக்கு மீட்டுக் கொடுக்கிறாள். இந்தச் சொல்லில் நான் கண்ட அழகு இதுதான்.

அந்தப் பாட்டின் கருவே அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலம் ஏதும் இல்லாமல் ஊர் திரும்பிய தலைமுறை அவருடையது என்று அறிவு பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். இங்கே பேர் என்ற சொல்லுக்கு எந்தத் தமிழ்நாட்டுக்காரரும் எதிர்பாராத ஒரு பொருள் இருக்கிறது. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். பரேட் என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே பெரட்டு ஆயிற்று. லைன் என்பது லயம் ஆயிற்று. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயரைப் பதிவார். சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். எடை குறைந்தால் அரைப் பேர். ‘இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க’ என்று ஒரு பெண் சொன்னால் பாதிக் கூலி என்று பொருள்.

இதை முதன்முதலாகப் படித்தபோது சில நாள் மனசிலிருந்து போகவில்லை. சங்கப் பாட்டில் ஒரு குழந்தையின் மேல் தாத்தாவை இறக்கி வைத்த அதே சொல். அது மலைநாட்டில் பாதியாக வெட்டப்படும் பண்டமாக ஆனது. மனிதருக்கு ஒரு பெயர்தான் உண்டு. அதையும் அரையாக்கி எழுதினார்கள்.

பிறகு முழுவதுமாகவே அழித்தார்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. ‘பேர்’ என்று நான் எழுதிய இந்த இடத்தில் அந்தச் சொல் வெறும் எண்ணுப்பெயர். ஆட்களைக் கேட்காமலே பங்கு போட்டார்கள். பெயர்தல் என்ற வினைக்கு இடம்விட்டு நகர்தல் என்று பொருள். அந்த வினையும் பெயர் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒலி ஒன்று. அந்த மக்களின் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன: இடம் பெயர்ந்தது, பெயர் போனது.

இனி வள்ளி.

வள்ளி என்றால் கொடி. நிலத்துக்கு அடியில் கிழங்கு விடும் கொடி. சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று இன்றைக்கும் சந்தையில் அந்தப் பெயர் விலைபோகிறது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வள்ளியின் கதை தொண்டை நாட்டு மேற்பாடிக்கு அருகே உள்ள வள்ளிமலையில் நடக்கிறது. வேடர் தலைவன் நம்பி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறான். குழியின் பெயரே குழந்தைக்குப் பெயர் ஆகிறது. அந்த வள்ளிமலை காட்பாடி வட்டத்தில், பொன்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். முருகன் வள்ளியை மணந்ததாகச் சொல்லும் திருத்தணி அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர். ஆகவே இந்தப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு வள்ளியம்மா என்று பெயர் வைத்தால், அது எங்கிருந்தோ வந்த பெயர் அல்ல. கண்ணுக்குத் தெரிகிற மலையின் பெயர்.

புராணத்து வள்ளிக்கு என்ன வேலை? தினைப்புனம் காப்பது. பரண்மேல் நின்று ஆலோலம் என்று கூவிக் கிளியையும் குருவியையும் ஓட்டுவது. தமிழர் கதைகளில் வேலை செய்துகொண்டே பாடிய பெண் தெய்வம் என்று தேடினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவள் அவள்தான். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றுக்கும் மூத்த பாட்டியாக அவளை வைக்கலாம். கூலிக்குக் கொழுந்து பறித்தவருக்கும் அந்தப் பெயர் பொருந்தியது தற்செயல்தான், ஆனாலும் பொருந்தியது.

வள்ளிமலையில் இன்னொன்றும் இருக்கிறது. மலைமேல் சமணச் சிற்பங்கள், பக்கத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு. கங்க மன்னன் இராசமல்லன் அங்கே பள்ளி எடுத்ததைச் சொல்கிறது. சொல்லும்போது சிவமாரன், அவன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் இராசமல்லன் என்று நான்கு தலைமுறையைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. மலையிறங்கிச் சில கிலோமீட்டர் போனால் மேற்பாடி, பொன்னை ஆற்றங்கரை. அங்கே இராசராச சோழன் எடுப்பித்த ஒரு கற்றளி நிற்கிறது. ஆற்றூரில் இறந்த அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக எடுத்த கோயில் அது. பழைய பெயர் அரிஞ்சிகை ஈச்சுவரம். அரிஞ்சயன் இராசராசனுக்கு யார்? தாத்தா. தஞ்சையில் பெரிய கோயில் எடுத்தவன், இந்த ஆற்றங்கரையில் தாத்தாவின் பெயரில் ஒரு சிறிய கோயிலும் எடுத்தான். பெயரன் என்ற சொல்லுக்குக் கல்லில் எழுதிய உரை அது.

அந்த இரண்டு இடத்திலும் நின்று பார்த்தால் ஒரு குறை உறுத்தும். மலையின் பெயர் ஒரு பெண்ணுடையது. மலைமேல் எழுதி வைத்த தலைமுறைப் பட்டியலில் பெண் ஒருத்திகூட இல்லை. இராசமல்லனின் பாட்டி யார்? கல்வெட்டு பேசவில்லை. சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி போலத் தாயின் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட அரசர் மிகச் சிலரே. இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் முதலெழுத்து அப்பாவுடையது. பாட்டியின் பெயர் போக வேண்டுமென்றால் பேத்திக்குப் போகும், கொஞ்சம் மாறி நவீனமாகிப் போகும். ஆண் பிள்ளை பாட்டியின் பெயரை ஏற்றுத் தன் பெயரோடு நடக்கும் வழக்கம் இல்லை. ‘வள்ளியம்மா பேராண்டி’ அந்த இடத்தில் கை வைக்கிறது. தாத்தாவின் பெயரால் பேரன் ஆன காலமெல்லாம் போக, இவர் பாட்டியின் பெயரால் பேரன் ஆகிறார். சொல்லின் பழைய பொருளை மீட்டு, அதன் திசையை மாற்றுகிறார். தமிழில் வந்த ஆல்பத் தலைப்புகளில் இதைவிடக் கனமானது ஒன்றை நான் கண்டதில்லை.

பெயரில் விளையாடுவது இவருக்கு முன்பே கைவந்ததுதான். அறிவரசு என்ற பெயரில் அரசை விட்டுவிட்டு அறிவை மட்டும் வைத்துக்கொண்டவர். 2019இல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குத் ‘தெருக்குரல்’ என்று பெயர். திருவைத் தெரு ஆக்கினார். குறளைக் குரல் ஆக்கினார். மாறியது மூன்றே எழுத்து. ஆனால் மேடையில் இருந்தது வீதிக்கு இறங்கியது, ஏட்டில் இருந்தது தொண்டைக்கு வந்தது. அதற்கு முன்பு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அவரும் ஒருவர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு. அந்தக் குழுவின் பெயருக்கும் ஒரு தாத்தா இருக்கிறார்: அயோத்திதாசப் பண்டிதர். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதச் சொன்னவர். அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். அவரும் ஒரு வகையில் பெயரன்தான்.

அயோத்திதாசர் தன் ‘தமிழன்’ இதழில் தன் தாத்தா கந்தப்பனைப் பற்றியும் எழுதி வைத்தார். ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன், தன்னிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுக்க, அது தமிழறிஞர் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்பது அவர் தரும் செய்தி. பேரன் எழுதாமல் போயிருந்தால் அந்தப் பட்லரின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. குறள் ஏட்டைக் காத்த கந்தப்பனிலிருந்து தெருக்குரல் வரை ஒரு நூல் ஓடுகிறது. அதைப் பிடித்திருப்பவர்கள் எல்லாரும் பேரன்கள்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவின் இசையும் இதே வழியில்தான் போயிருக்கிறது. தமிழில் ராப் புதிதல்ல. 1994இல் ‘காதலன்’ படத்தின் பேட்டை ராப், 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ராவின் ‘வல்லவன்’, 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் ஆல்பம் என்று பாதை போட்டிருந்தார்கள். தெருக்குரலில் அறிவு அந்தப் பாதையில் வேகமாக, அடி அடியாகப் பேசிக்கொண்டு போனார். எஞ்சாமியில் நின்றார். ஒப்பாரியை உள்ளே விட்டார். ஒப்பாரி என்ற சொல்லில் இருப்பது ஒப்பு. செத்தவரைச் சந்திரனுக்கும் சூரியனுக்கும் ஒப்பு வைத்து, முறை சொல்லி, பெயர் சொல்லி அழுவது. அது படிக்காத பெண்கள் நின்ற இடத்தில் கட்டிய கவிதை. ராப்பும் அப்படி நின்ற இடத்தில் கட்டுவதுதான். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ‘வள்ளியம்மா பேராண்டி’யில் அவர் ராப் பாடகர் என்ற பெயரைத் தாண்டிப் பாட்டுக்காரராக நிற்கிறார். புதிய இசையைத் தேடிப் போகிறவர்கள் எதிரே இருக்கும் ஊர்களையே பார்ப்பார்கள். இவர் பின்னால் பாட்டியைப் பார்த்துத் திரும்பினார், அங்கே கிடைத்தது.

இது உலகம் அறிந்த வழிதான். அமெரிக்கப் பாடகி பியோன்சேயின் பெயரே அவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர். 2016இல் வந்த அவருடைய ‘லெமனேட்’ ஆல்பத்துக்குத் தலைப்புத் தந்தது கணவரின் பாட்டி தொண்ணூறாவது பிறந்தநாளில் பேசிய பேச்சு. அறிவு தன் ஆல்பத்தை வெளியிட்ட அதே 2024இல் பியோன்சே வெள்ளையர்களின் சொத்தென்று பேசப்பட்ட கன்ட்ரி இசைக்குள் புகுந்து, அதில் கறுப்பர்களுக்கும் பங்குண்டு என்று காட்டினார்.

வேலூர்ப் பக்கத்துக்காரனுக்கு இசை என்றதும் தோல் நினைவுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் ஊர்கள். ஊறல் குழியில் இறங்கி நின்ற கால்கள் யாருடையவை என்பது ஊருக்குத் தெரியும். அதே மாட்டுத் தோல் புளியங்கொட்டைப் பசையால் மரச்சட்டத்தில் ஒட்டப்பட்டால் பறை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். சொல்லுதல் என்ற வினையிலிருந்து பிறந்த கருவியை அடித்தவர்களின் பெயரைத்தான் ஊர் சொல்லாமல் விட்டது.

பெயர் விட்டுப்போகும் வலி அறிவுக்கே நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் மற்றப் பாடகர்கள் வந்தார்கள். எஞ்சாமியை எழுதியவர் வரவில்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகு அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவர் எழுதினார். அது மூவரின் கூட்டுழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க நான் வரவில்லை. கூட்டாகச் செய்த பாட்டில் எல்லாருடைய வியர்வையும் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆல்பத்தின் நெற்றியில் அவர் தன் பெயரை எழுதாமல் பாட்டியின் பெயரை எழுதினார். தன் பேர் போனதற்குப் பதிலாக, பேரே போடப்படாத ஒருவருக்குப் பேர் போட்டார். முழுப் பேர்.

ஒரு சின்னச் செய்தி. 1989இல் பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது இந்தப் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்தபோது அதுவும் போய், வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் அதையும் மூன்றாக்கினார்கள். அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. ஊர்ப் பெயரும் மாவட்டப் பெயரும் அரசாணையால் மாறும். பேராண்டி என்று கூப்பிடும் குரல் எந்த அரசாணைக்கும் கட்டுப்பட்டதல்ல.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அரைப் பேர், பெரட்டு, லயம், கொழுந்து நிறுவை என்று உங்கள் பாட்டி சொன்ன சொற்களில் பல நம் பேரகராதிகளில் அந்தப் பொருளோடு ஏறாமல் இருக்கலாம். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதுங்கள். எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.